வராத லாக்

சர்வர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலத்தில் லாக் பார்ப்பது தனி வேலையாகவே தெரியவில்லை. வெப்-1, வெப்-2, டிபி-1 என்று நாலைந்து மெஷின்கள் இருக்கும். ஏதாவது தகராறு என்றால் எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போய் டெயில் கமாண்டைத் தட்டினால் வரிகள் ஓடத் தொடங்கும். கிரெப் நன்றாகத் தெரிந்தவர்தான் ஆபீஸில் பெரிய ஆள். எங்கள் டீமில் இருந்த ஒரு சீனியர், திரையில் வரிகள் ஓடும் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு, "டிபி இழுக்குது, போய்ப் பாருப்பா" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

லாக்குகளை ஓரிடத்தில் குவிக்கும் யோசனையும் பழசுதான். 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயிலுக்காக எழுதிய சிஸ்லாக், பிறகு யூனிக்ஸ் உலகம் முழுக்கப் பரவி, ஒரு மெஷினின் லாக்கை நெட்வொர்க் வழியே இன்னொன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. யூடிபி, 514-ஆம் போர்ட். யூடிபி என்பதால் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று யாரும் திரும்பிச் சொல்ல மாட்டார்கள். இன்றைய கருவிகள் எவ்வளவோ நவீனம். ஆனால் அந்தக் குணம் வேறு வேறு வடிவத்தில் இன்னும் போகவில்லை. கன்டெய்னர் கிளஸ்டர்களுக்கு லாக்கை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுப்பது என் பிழைப்பாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. தேடும் திரையை எழுப்பிவிடுவது சுலபம். எந்த வரி வரவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் மிச்சக் காலமெல்லாம் போகிறது.

டாக்கர் 2013-இல் வந்தது. அடுத்த ஆண்டு கூகுள் குபர்நெட்டீஸை வெளியிட்டது. 2015 ஜூலையில் அதன் 1.0. ஓஎம்ஆரில் இருந்த எங்கள் ஆபீஸுக்கு அது வந்து சேர இன்னும் சில வருடங்கள் ஆயின. வந்ததும் முதலில் காணாமல் போனவை மெஷின் பெயர்கள். கன்டெய்னர்களைச் சுமக்கும் பாட் ஒன்றின் பெயர் என்பது சர்வீஸ் பெயருக்குப் பின்னால் ஒட்டிய அர்த்தமற்ற எழுத்துக் கோவை. காலையில் ஒரு நோடில், அதாவது ஒரு மெஷினில், இருக்கும். மதியம் வேறொன்றில், வேறு பெயரில் இருக்கும்.

கன்டெய்னருக்குள் ஓடும் புரோகிராம் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதுவதை, அந்த நோடில் உள்ள ரன்டைம் பிடித்து ஒரு ஃபைலில் போடுகிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால், நோடில் இருக்கும் குபர்நெட்டீஸ் ஏஜென்ட்டான க்யூப்லெட் அந்த ஃபைலை 10 எம்பி ஆனதும் சுழற்றி, கன்டெய்னருக்கு 5 ஃபைல் வரை வைத்திருக்கும். பாட் அழிந்தால் ஃபைலும் அழியும். கன்டெய்னர் மட்டும் செத்து அதே பாடில் மறுபடி எழுந்தால், குபெக்டெல் லாக்ஸ் கமாண்டில் 'ப்ரீவியஸ்' சேர்த்து முந்தையதைப் பார்க்கலாம். அதற்கும் முந்தையதைப் பார்க்க முடியாது. கிளஸ்டரில் என்ன நடந்தது என்று குபர்நெட்டீஸ் தானே குறித்துவைக்கும் ஈவென்ட்டுகளும், மாற்றாவிட்டால், ஒரு மணி நேரம்தான் தங்கும்.

இதன் முழு அர்த்தம் எங்களுக்கு ஒரு பேமென்ட் சர்வீஸில் புரிந்தது. பேங்கிலிருந்து பதில் வாங்கும் சர்வீஸ் அது. ராத்திரி புது வெர்ஷன் போனது; பாடுகள் மெமரி எல்லையைத் தாண்டி, 137 என்ற எக்ஸிட் கோடோடு ஒவ்வொன்றாக விழுந்தன. ஆன்கால் ஆள் பழைய வெர்ஷனுக்குத் திருப்பினார். அந்த நேரத்தில் அதுதான் சரியான முடிவு. ஆனால் திருப்பியதும் புது வெர்ஷனின் பாடுகள் எல்லாம் அழிந்தன, அவற்றோடு லாக்கும். காலை மீட்டிங்கில், பணம் கழிந்தும் ஆர்டர் பதிவாகாத வாடிக்கையாளர்களின் பட்டியல் இருந்தது. ஏன் பதிவாகவில்லை என்பதற்கு ஒரு வரி சாட்சிகூட யாரிடமும் இல்லை. மைய லாக்குக்கு அன்றே பட்ஜெட் கிடைத்தது. இந்தத் துறையில் பட்ஜெட் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது.

எந்தக் கருவி என்ற விவாதம் நீண்டது. எலாஸ்டிக்சர்ச், அதன் தேடல் திரையான கிபானா ஜோடி ஒரு பக்கம். கிரஃபானா லேப்ஸ் 2018 டிசம்பரில் அறிமுகம் செய்த லோகி மறுபக்கம். எலாஸ்டிக்சர்ச்சின் பூர்வீகம் வேடிக்கையானது. ஷாய் பேனன் தன் மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேடுவதற்காக எழுத ஆரம்பித்த மென்பொருளில் தொடங்கி, 2010-இல் எலாஸ்டிக்சர்ச்சாக வந்து நின்றது. அது ஒவ்வொரு வரியிலும் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் இண்டெக்ஸ் போடும். லோகி அப்படிச் செய்யாது. எந்த நேம்ஸ்பேஸ், எந்த சர்வீஸ் என்ற லேபிள்களுக்கு மட்டும் இண்டெக்ஸ் வைத்துக்கொண்டு, வரிகளைச் சுருக்கி மலிவான ஸ்டோரேஜில் தள்ளிவிடும். எங்கள் சப்போர்ட் டீமுக்கு எந்த சர்வீஸ் என்று தெரியாமலே ஒரு ஆர்டர் நம்பரைப் போட்டுத் தேட வேண்டியிருந்தது. அதனால் எலாஸ்டிக்சர்ச். இன்று சின்ன டீம் யாராவது கேட்டால் லோகியைத்தான் சொல்வேன். எலாஸ்டிக்சர்ச் கிளஸ்டரைக் கட்டி மேய்ப்பதற்கே ஒரு ஆள் வேண்டும். ரேமில் பாதிக்கு மேல் ஹீப்புக்குக் கொடுக்கக் கூடாது, 32 ஜிபியைத் தொடக் கூடாது, ஷார்டுகள் பெருகக் கூடாது என்று அதற்கென்று தனி ஆசாரங்கள் உண்டு. 2021-இல் லைசென்ஸ் சண்டை வந்து அமேசான் ஓப்பன்சர்ச் என்று பிரித்துக்கொண்டு போனது தனிக் கதை.

ஒவ்வொரு நோடிலும் கலெக்டர் என்று ஒரு பாட் உட்கார்ந்து அங்குள்ள லாக் ஃபைல்களைப் படித்து அனுப்பும். குபர்நெட்டீஸில் அதற்கு டீமன்செட். உள்ளே ஓடுவது ஃப்ளூயன்ட்டியோ ஃப்ளூயன்ட் பிட்டோ. முன்னது ரூபியில் எழுதியது, பின்னது சி மொழியில். மெமரி குறைவாகத் தின்னும் என்பதால் பின்னதை எடுத்தோம். ஹெல்ம் சார்ட்டை எடுத்துப் போட்டதும் கிபானாவில் வரிகள் கொட்ட ஆரம்பித்தன. எல்லோருக்கும் சந்தோஷம். மேனேஜர் டீம் முழுக்கச் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் ஒரு டெவலப்பர் வந்தான்.

"அண்ணா, எங்க சர்வீஸ் லாக் கிபானால வரல. குபெக்டெல்ல அடிச்சா வருது."

"எப்போலேர்ந்து?"

"நேத்து வந்துச்சுண்ணா. இன்னைக்குக் காலைலேர்ந்து இல்ல."

அவன் கோடில் மாற்றம் எதுவும் இல்லை. ஃப்ளூயன்ட் பிட் ஓடிக்கொண்டிருந்தது. எலாஸ்டிக்சர்ச் பச்சையாக இருந்தது. மறுநாள் அவன் லாக் தானாக வர ஆரம்பித்தது. இப்போது இன்னொரு டீமின் லாக்கைக் காணோம். இந்த ஆட்டம் தொடர்ந்தது. சிலர் நெட்வொர்க் என்றார்கள், சிலர் கிளவுட் கம்பெனி மேல் பழி போட்டார்கள்.

விஷயம் ஒரு புள்ளியில் இருந்தது. உருவகம் இல்லை, நிஜமான முற்றுப்புள்ளி. எங்கள் பழைய சர்வீஸ்கள் பாடுக்கு 'ஆப்' என்று லேபிள் வைத்திருந்தன. அதன் மதிப்பு ஒரு சொல். புது சர்வீஸ்கள் குபர்நெட்டீஸ் பரிந்துரைக்கும் பாணியில் 'ஆப்.குபர்நெட்டீஸ்.ஐஓ/நேம்' என்று லேபிள் வைத்தன. எலாஸ்டிக்சர்ச் புள்ளியைக் கண்டால் அதை அடுக்காகப் படிக்கும்: 'ஆப்' என்று ஒரு பெட்டி, அதற்குள் 'குபர்நெட்டீஸ்', அதற்குள் மற்றது. ஒரே இண்டெக்ஸில் 'ஆப்' ஒரே நேரத்தில் சொல்லாகவும் பெட்டியாகவும் இருக்க முடியாது. முதலில் எது வருகிறதோ அதுதான் அந்த இண்டெக்ஸின் சட்டம். இரண்டாவதாக வரும் ஜாதிக்கு இடமில்லை. எங்கள் இண்டெக்ஸ் நாளுக்கு ஒன்று. தேதி யூடிசி கணக்கு என்பதால் புது இண்டெக்ஸ் பிறப்பது நம் நேரப்படி அதிகாலை ஐந்தரைக்கு. அந்த ஐந்தரை மணிக்கு முதல் வரியை யார் எழுதினார்களோ, அன்றைக்கு அவர்கள் கட்சி ஆட்சி.

இதைவிட என்னை உறுத்தியது வரிகள் நிராகரிக்கப்பட்ட விதம். ஃப்ளூயன்ட் பிட் வரிகளை மொத்தமாகக் கட்டி அனுப்புகிறது. அதற்கு எலாஸ்டிக்சர்ச் தரும் பதிலின் ஸ்டேட்டஸ் கோட் 200. எல்லாம் நலம் என்று அர்த்தம். பதிலின் உள்ளே போய் ஒவ்வொரு வரிக்குமான விடையைப் படித்தால்தான் இது ஏற்கப்பட்டது, இது 400 என்று தெரியும். ஃப்ளூயன்ட் பிட் அதைப் படிக்கிறது. நாம் அமைப்பில் சொன்ன தடவை மட்டும் மறுபடி முயல்கிறது. பிறகு கைவிட்டு, தன் சொந்த லாக்கில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறது. அந்தச் சொந்த லாக்கை யார் பார்க்கிறார்கள்? லேபிள் பெயரில் உள்ள புள்ளிகளை அடிக்கோடாக மாற்று என்று அவுட்புட் அமைப்பில் ஒரே வரி சேர்த்ததும் பிரச்சினை முடிந்தது. அதற்குள் எத்தனை வரிகள் போயின என்பதற்குக் கணக்கே கிடையாது.

சொந்த லாக் என்றதும் இன்னொன்று. ஃப்ளூயன்ட்டி வைத்திருந்த வேறொரு கிளஸ்டரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். டிஸ்க் மளமளவென்று நிறைகிறது என்பது புகார். ஃப்ளூயன்ட்டியின் லாக் ஃபைலைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்க பேக்ஸ்லாஷ். வேறு எழுத்தே இல்லாமல் திரை நெடுக ஒரே சாய்கோடு. நடந்தது இது: கலெக்டர் ஒரு வரியை அனுப்ப முடியாமல், அந்த வரியையும் சேர்த்துத் தன் லாக்கில் எர்ரராக எழுதுகிறது. அதன் லாக்கும் அதே டைரக்டரியில்தான் இருக்கிறது. அதையும் அதுவே படிக்கிறது. படித்ததை மேற்கோள் குறிகளுக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டு மறுபடி அனுப்புகிறது. மறுபடி நிராகரிப்பு, மறுபடி எர்ரர். சுற்றுக்குச் சுற்று பேக்ஸ்லாஷ் ஒன்று மூன்றாகும், மூன்று ஏழாகும், ஏழு பதினைந்தாகும். தன் வாலைத் தானே தின்னும் பாம்பு, தின்னத் தின்னப் பெருத்துக்கொண்டிருந்தது. கலெக்டர் தன் சொந்த ஃபைலைப் படிக்காதபடி விலக்குவதுதான் மருந்து. எந்தக் கிளஸ்டருக்குப் போனாலும் நான் முதலில் தேடும் வரி அதுதான்.

பிறகு வடிவத் தகராறுகள். ஜாவா எர்ரர் அறுபது வரிக்கு நீளும். கலெக்டருக்கு அது அறுபது தனித்தனி லாக். அவற்றைச் சேர்க்க மல்ட்டிலைன் பார்சர்கள் உண்டு, ஓரளவு வேலை செய்யும். ஒரு நிகழ்வை ஒரே வரி ஜேசனாக எழுதச் சொல்லி டெவலப்பரைச் சம்மதிக்க வைப்பதே நிரந்தரத் தீர்வு. 2022-இல் குபர்நெட்டீஸ் 1.24, டாக்கரோடு பேசிவந்த உள் இணைப்பை எடுத்தபோது, நோடில் உள்ள லாக் ஃபைலின் வடிவமே மாறியது. டாக்கர் ஜேசனாக எழுதியது. கன்டெய்னர்டி நேரம், ஸ்ட்ரீம், ஒரு எழுத்து, பிறகு செய்தி என்று எழுதுகிறது. பார்சரை மாற்றாமல் அப்கிரேட் செய்த இடங்களில் கிபானா புரியாத வரிகளால் நிறைந்தது. சத்தமாக உடைவது நல்லது, அன்றே சரிசெய்துவிடலாம்.

சத்தமில்லாமல் உடைவதில் நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது. ஒரு சர்வீஸ் இந்திய நேரத்தில் லாக் எழுதும். ஆனால் நேரத்தின் பின்னால் +5:30 என்று போடாது. கலெக்டர் அதை யூடிசி என்று எடுத்துக்கொள்ளும். வரி பத்திரமாகப் போய்ச் சேரும், ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில். கிபானாவில் 'கடைசி 15 நிமிடம்' என்று பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. வரவில்லை என்று புகார் வரும். சாயங்காலம் நாலு மணிக்கு நீங்கள் கிபானாவில் இரவு ஒன்பதரை வரை நீட்டித் தேடினால், அங்கே எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இப்படித் தொலைந்த லாக்குகளை எதிர்காலத்திலிருந்து மீட்டுக் கொடுத்து நான் சம்பாதித்த நல்ல பெயர் கொஞ்சமில்லை.

அடுத்தது அளவு. ஒரு பாட் உயிரோடு இருக்கிறதா என்று குபர்நெட்டீஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். மாற்றாவிட்டால் 10 விநாடிக்கு ஒரு தரம். லைவ்னஸ், ரெடினஸ் என்று இரண்டு கேள்விகள். ஒவ்வொன்றையும் சர்வீஸ் லாக்கில் எழுதினால் பாடுக்கு நாளைக்கு 17,280 வரிகள். 200 பாட் என்றால் 34 லட்சத்து 56 ஆயிரம். "இருக்கியா? இருக்கேன்" என்பதைத் தவிர இவற்றில் ஒன்றுமில்லை. இதற்கு மேல் புரொடக்‌ஷனில் டீபக் லெவலை அணைக்க மறந்த சர்வீஸ் ஒன்றாவது எங்கும் இருக்கும். எலாஸ்டிக்சர்ச் டிஸ்க் 85 சதவீதம் ஆனால் புது ஷார்டை ஏற்காது, 90-இல் இருப்பதை வெளியே தள்ளப் பார்க்கும், 95-இல் இண்டெக்ஸைப் பூட்டிவிடும். அழிக்கலாம், எழுத முடியாது. பயனற்ற வரிகள் இடத்தை அடைத்து, பயனுள்ள வரிக்குக் கதவு சாத்தப்படும். அந்தக் கதவு பெரும்பாலும் ட்ராஃபிக் எகிறிய, எதையாவது தேட வேண்டிய நாளில்தான் சாத்திக்கொள்ளும்.

இன்னொரு பக்கம், எழுதவே கூடாதது. ரிக்வெஸ்ட் முழுவதையும் அப்படியே லாக்கில் கொட்டும் பழக்கம் டெவலப்பர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. தேடல் பெட்டியில் 'ஓடிபி' என்று தட்டிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னதற்குக் காரணம், ஹேஷ் செய்வதற்கு முன்பே பாஸ்வேர்டுகள் உள் லாக்கில் எழுதப்பட்டதுதான். மைய லாக் வந்த பிறகு இது இன்னும் கூடுதல் ஆபத்து. முன்பு ஒரு மெஷினுக்குள் கிடந்த ரகசியம் இப்போது கிபானா லாகின் உள்ள எல்லோருக்கும் ஒரு தேடல் தூரம். தனிநபர் டேட்டாவைப் போதிய பாதுகாப்பின்றி வைத்திருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-இன் இந்திய டேட்டா பாதுகாப்புச் சட்டம். கலெக்டரிலேயே கார்டு நம்பர்களை மறைக்கும் ஃபில்டர் போடலாம், போட்டிருக்கிறேன். ஆனால் அது இரண்டாவது வேலிதான். முதல் வேலி கோடில் இருக்க வேண்டும்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்ற சண்டையை அரசாங்கமே தீர்த்துவைத்தது. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னது. சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொன்னது. 180 நாளையும் எலாஸ்டிக்சர்ச்சில் வைத்தால் கம்பெனி தாங்காது. அண்மை நாட்கள் தேடுவதற்கு எலாஸ்டிக்சர்ச்சில். மீதி சுருக்கிக் கட்டி ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில். ஆடிட் வரும்போது அந்த மூட்டையை அவிழ்க்கத் தெரிந்தவர் ஆபீஸில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு பாடுபட்டதற்கும் பலன் உண்டா என்றால், உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் வெடித்தது. லாக் எழுதும் நூலகத்திலேயே ஓட்டை. தாக்குபவன் அனுப்பும் ஒரு வாசகத்தை லாக்கில் எழுதினாலே கதவு திறந்துவிடும். எந்தெந்த சர்வீஸைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று கேள்வி வந்தபோது, மெஷின் மெஷினாக ஏறாமல் ஒரே தேடலில் பட்டியல் எடுத்தோம். அன்றாடப் பலன் இன்னும் பெரியது. நுழைவாயிலில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு ஐடி கொடுத்து, எல்லா சர்வீஸும் அதைக் கைமாற்றி, ஒவ்வொரு வரியிலும் எழுதினால், ஒரு வாடிக்கையாளரின் பணம் எந்த சர்வீஸில் நின்றது என்று ஒரே திரையில் படிக்கலாம். இந்த ஒரு ஐடிக்காக நான் டீம் டீமாக ஏறி இறங்கியது, கருவிகளை நிறுவியதைவிடப் பெரிய வேலை. "ஸ்பிரின்ட்ல இடமில்ல ஜி" என்ற பதிலை எல்லா மாடியிலும் கேட்டாயிற்று.

இப்போது நான் எந்தக் கிளஸ்டருக்குப் போனாலும் டாஷ்போர்டுக்கு முன்னால் ஒன்று வைப்பேன். நோடுக்கு ஒரு சின்ன பாட். நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும்: நோடின் பெயர், ஒரு வரிசை எண். மறுமுனையில் எலாஸ்டிக்சர்ச்சில் ஒரு கணக்கு: எந்த நோடின் எண் விட்டுப்போகிறதோ அதற்கு அலாரம். ஃப்ளூயன்ட் பிட்டின் 2020-ஆம் போர்ட்டில் எத்தனை வரி கைவிடப்பட்டது என்ற எண்ணும் கிடைக்கும். அதையும் எண்களைக் கண்காணிக்கும் ப்ரொமீதியஸில் இழுத்து வைப்பேன். லாக் வரவில்லை என்பதை லாக் வந்து சொல்லாது. வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும்.

கிளஸ்டர் வைத்திருப்பவர்கள் நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். வேறெங்கும் வராத ஒரு சொல்லை எழுதிவிட்டுச் சில விநாடிகளில் முடியும் ஒரு பாடை ஓட்டுங்கள். முடிந்த கையோடு அதை அழித்துவிடுங்கள். பிறகு அந்தச் சொல்லை உங்கள் தேடல் திரையில் தேடுங்கள். ஃப்ளூயன்ட் பிட் புது ஃபைல்களின் பட்டியலைப் புதுப்பிப்பது, மாற்றாவிட்டால், 60 விநாடிக்கு ஒருமுறை; அதற்குள் பிறந்து செத்த பாடின் கதி என்ன என்று அப்போது தெரியும். ராத்திரியில் ஓடும் உங்கள் சின்னச் சின்ன க்ரான் வேலைகள் எல்லாம் இந்த ரகம்தான். சொல் கிடைக்காவிட்டால் அந்த இடைவெளியைக் குறையுங்கள், முடிந்த பாடுகள் சில நிமிடமாவது அழியாமல் இருக்கும்படி வையுங்கள், மறுபடி சோதியுங்கள். டாஷ்போர்டின் கலரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.